தர்மினிக்காக உதைக்கும் மாடு

பினாங்குத் தீவின் வரலாற்றில் பொன்னெழுத்துகளால் பொறிக்கத்தக்கதும், வருங்காலத் தலைமுறைகள் எழுந்து நின்று வாசிக்கத்தக்கதுமான ஒரு செய்தி, சகல சங்கங்களுக்கும், சகல ஆலய நிர்வாகங்களுக்கும், பட்டம் பெற்ற பெரியவர்களுக்கும், பட்டத்துக்கு மனுப்போட்டுக் காத்திருக்கும் பெரியவர்களுக்கும் இதனால் பணிவன்புடன் அறிவிக்கப்படுகிறது: ஜெலுத்தோங் அடுக்குமாடியில் குடியிருக்கும் ஆனந்தராஜாவின் மகள் தர்மினிக்குப் பால் ஒத்துக்கொள்ளாது. அவளுக்குத் தெரியாமல் எதிலாவது பாலை மறைத்துக் கொடுத்தால், கொடுத்தவரை மாடு உதைக்கும்.

மாட்டை யாரும் பார்த்ததில்லை. உதையைப் பார்த்திருக்கிறார்கள். முதலில் இலேசாகச் சாணி வாடை வரும். பிறகு சிமெண்டுத் தரையில் குளம்பு தேய்கிற சத்தம். அதற்குப் பிறகு உதை. விழுந்த இடத்தில் நடுவே பிளந்த குளம்பின் அச்சு நீலமாகப் பதிந்து, பல வாரங்கள் கழித்து மஞ்சளாகி மறையும். முதன்முதலில் உதை வாங்கியவர் பக்கத்து வீட்டு அக்கா. தீபாவளிக்கு முறுக்குச் சுட்டு, ஆறு வயது தர்மினியின் கையில் ஒன்றைத் திணித்து, "முறுக்குல ஏதும்மா பால்? வெறும் மாவுதானே, சாப்பிடு" என்றார். மாவில் கட்டி வெண்ணெய் போட்டுப் பிசைந்த கை அவருடையதுதான். முறுக்குப் பாதி முடிவதற்குள் பிள்ளையின் உதடு வீங்கி, உடம்பெல்லாம் தடித்து, தொண்டையை யாரோ ஈரத்துணியைப் போல முறுக்கிப் பிழிந்தார்கள். ஆனந்தராஜா அவளைத் தூக்கிக்கொண்டு படிக்கட்டில் ஓடிய நேரத்தில், பாத்திரம் கழுவிக்கொண்டிருந்த அக்கா சமையலறையின் குறுக்கே பறந்து அடுப்பருகே இருந்த கேஸ் தோம்பில் மோதினார். விலா எலும்பு முறிந்தது. வெண்ணெய் வேறு, பால் வேறு என்று அவர் கடைசிவரை வாதாடினார். மாடு அந்த வாதத்தை ஏற்கவில்லை.

இதில் அக்காவை மட்டும் குறை சொல்வது நியாயமில்லை. நம்மவர்களுக்குப் பால் என்றால் தம்ளரில் வெள்ளையாக இருப்பது மட்டும்தான். தயிர் சூட்டைத் தணிப்பது, மோர் செரிமானத்துக்கு, வெண்ணெய் வாசனைக்கு, நெய் சுத்தத்துக்கு. 'சைவம்' என்று ஒரு முறை சொல்லிவிட்டால் அந்தச் சட்டியில் மனிதருக்குத் தீங்கு செய்யக்கூடிய எதுவும் இல்லை என்று பொருள். இறால் இருக்கிறதா என்று கேட்டால் கற்பூரம் அடித்துச் சத்தியம் செய்வார்கள். பால் இருக்கிறதா என்று கேட்டால் சிரிப்பார்கள். சிரித்தவர்கள் வரிசையாக உதை வாங்கினார்கள். பள்ளிச் சிற்றுண்டிக் கடைக்காரிக்குத் தோள்பட்டை இறங்கியது. பொங்கலில் நெய்யை மறைத்துக் கொடுத்து, "சாமி பிரசாதம் ஒண்ணும் பண்ணாது" என்ற மடப்பள்ளிக்காரர் கோயில் மதிலைத் தாண்டி வெளியே சாக்கடையில் மூக்கு உடைந்து கிடந்தார். மீன் உருண்டையிலும் உருளைக்கிழங்கு வறுவலிலும் கூடப் பால்மாவு கலக்கிறவர்கள் இருக்கிறார்கள். அப்படி ஒரு பொட்டலத்தைத் தர்மினி தின்ற மதியம், தெற்கே எங்கோ ஒரு தொழிற்சாலையின் குளிர்சாதன அறையில், உட்பொருள் பெயர்களை எறும்பு வாசிக்கிற அளவில் அச்சிடச் சொன்ன அதிகாரி கூட்டத்தின் நடுவே நாற்காலியோடு கண்ணாடிச் சுவரைத் துளைத்துக்கொண்டு வெளியேறினார். மாட்டுக்குத் தூரம் ஒரு பொருட்டில்லை.

ஜெலுத்தோங் பாசார் அருகில் ரொட்டி சானாய் போடும் ஷேக் அலாவுதீன் காலை நெரிசலில் அவசரத்துக்குப் பொய் சொன்னவர். "அண்ணே, மாவுல பால் இருக்கா?" என்று அவள் கேட்டபோது, "இல்லம்மா, மாவு, தண்ணி, உப்பு, அவ்வளவுதான்" என்றார். டின் பாலை அவரே ஊற்றிப் பிசைந்திருந்தார். உதை பின்னாலிருந்து வந்தது. முகம் கொதிக்கும் கல்லில் போய் ஒட்டிச் சுரீரென்றது. முன்பற்கள் இரண்டும் யாரோ ஒருவருடைய தே தாரேக் கோப்பையில் விழுந்தன. கன்னத்தில் கட்டோடு கடைக்குத் திரும்பியவர் தர்மினியைக் கூப்பிட்டு, "ஆமான்னு ஒரு வார்த்தை சொல்லியிருந்தா பல்லு மிஞ்சியிருக்கும்மா. இனிமே உனக்குத் தனி மாவு" என்றார். சொன்னபடியே செய்தார். தீவில் ஒரே உதையில் பாடம் படித்தவர் அவர் ஒருவர்தான்.

உதை வாங்கிய மற்றவர்கள் போலீசுக்குப் போனார்கள். விசாரிக்க வந்த ஷஹீரா என்ற அதிகாரி சோபாவின் நுனியில் உட்கார்ந்து, மாடு உங்களுடையதா என்று கேட்டார். இல்லை என்றாள் தர்மினி. நிறம்? பார்த்ததில்லை. கொம்பு? இதுவரை காலோடு சரி. ஷஹீரா, உரிமையாளர் இல்லாத கால்நடை என்று எழுதி விவகாரத்தை நகராட்சிக்குத் தள்ளிவிட்டார். நகராட்சி கயிற்றோடு ஓர் ஆளை அனுப்பியது. அவர் லிஃப்ட் வாசலில் கொஞ்ச நேரம் நின்றுவிட்டுப் போய்விட்டார்.

எல்லோரும் மறந்துபோன ஒன்றைச் சொல்ல வேண்டும். மாடு ஒரு முறைகூட முன்னதாக வந்ததில்லை. தர்மினிக்குத் தொண்டை அடைத்து, கண் இருட்டி, கைப்பையில் இருக்கும் ஒவ்வாமை ஊசியைத் தேடித் தொடையில் குத்திக்கொண்ட பிறகுதான் உதை விழும். அவளுக்கு நீதி கிடைத்தது, மூச்சுத்தான் கிடைக்கவில்லை. உதைபட்டவரைப் பார்க்க ஊரே ஆரஞ்சுப் பழத்தோடு ஆஸ்பத்திரிக்குப் போகும். பக்கத்து வார்டில் அவளுடைய அப்பா மட்டும் இருப்பார். "நீ கேட்டுட்டுத் தின்னிருக்கலாம்ல?" என்று சொந்தக்காரர்கள் போனில் அவளையே கேட்பார்கள். அவள் கேட்டுத்தான் தின்றாள். எல்லா மேசையிலும், எல்லாக் கடையிலும், சுங்க அதிகாரியைப் போல ஒவ்வொரு சட்டியையும் திறக்கச் சொல்லிக் கேட்டாள். முப்பதை நெருங்கும்போது அவளுக்குப் பாலின் மேல் கோபம் போய்விட்டிருந்தது. கேட்டுக் கேட்டு வாய் வலித்ததுதான் மிச்சம்.

சதீசனை அவளுக்குப் பிடித்துப்போனதற்குக் காரணமும் அதுவே. பாயான் லெப்பாஸ் தொழிற்சாலையில் அவள் தரக்கட்டுப்பாடு, அவன் இயந்திரப் பராமரிப்பு. பாகான் டாலாமிலிருந்து கடல் தாண்டி வேலைக்கு வருகிறவன். சாப்பிடப் போனால் அவள் வாயைத் திறப்பதற்குள், "அக்கா, பால் இருக்கா? நெய்? வெண்ணெய்? மார்ஜரின்?" என்று அவனே கேட்பான். சமையல்காரர் முறைத்தால் கூட விடமாட்டான். நிச்சயம் முடிந்த மாலை அவள் அவனிடம் ஒரே ஒரு வரம் கேட்டாள்.

"கல்யாணத்தன்னைக்கு மட்டும் நான் யாரையும் ஒண்ணும் கேக்க மாட்டேன். கையில என்ன குடுத்தாலும், இலையில என்ன போட்டாலும் சாப்பிடுவேன். எனக்காக நீ கேட்டுடணும்."

"நான் பாத்துக்கறேன் லா. என்னை நம்பு."

அவள் நம்பினாள்.

சதீசனுடைய தாய்மாமன் டத்தோ பரஞ்சோதி. அந்த டத்தோ பட்டம் எந்த ஊரில் கிடைத்தது என்று கேட்டால் மழையைப் பற்றிப் பேசுவார். தீபகற்பத் தமிழ்ப் பண்பாட்டு மீட்சிப் பேரவையின் நிறுவனர், தலைவர், புரவலர். பேரவையில் அவரையும் அவருடைய காரோட்டியையும் தவிர வேறு உறுப்பினர் உண்டா என்பது ஆய்வுக்குரியது. விழாக்காரர்கள் மறந்துவிட்டால் என்ன செய்வது என்று, தனக்குப் போடவேண்டிய மாலையைக் காரின் பின்பெட்டியில் எப்போதும் வைத்திருப்பார். தாலி கட்டி முடிந்ததும் மணமக்களுக்குப் பாலும் பழமும் கொடுக்கும் சடங்கில், பசும்பாலுக்குப் பதிலாகச் சோயாப் பால் வைத்துக்கொள்ளலாம் என்று இரு வீட்டாரும் பேசி முடித்திருந்தார்கள். டத்தோவின் காதுக்கு அது எட்டியபோது தமிழினம் மீண்டும் ஒரு முறை ஆபத்தில் சிக்கியது. மாப்பிள்ளை வீட்டு வாட்ஸ்அப் குழுவில் அவர் நீண்ட அறிக்கை வெளியிட்டார். சோயாவுக்கும் நம் பண்பாட்டுக்கும் என்ன சம்பந்தம், நம் முன்னோர்கள் சோயா குடித்தா கடல் கடந்தார்கள், எல்லாம் மனப்பிரமை, சோயாவோடு அசல் பசும்பாலைக் கொஞ்சம் கலந்துவிடுங்கள், ஒரு ஸ்பூன் ஒன்றும் செய்யாது, பெண்ணுக்குத் தெரிய வேண்டாம். யாரோ ஓர் அத்தை பயந்துபோய் மாட்டைப் பற்றி நினைவூட்டினார். கோமாதா தமிழ்ப் பண்பாட்டை உதைக்காது என்று டத்தோ பதில் போட்டார். ஈப்போவிலிருந்தும் கிள்ளானிலிருந்தும் மெல்பர்னிலிருந்தும் கட்டைவிரல்கள் உயர்ந்தன. சிலர் கும்பிட்ட கைகளை அனுப்பினார்கள். சதீசனுடைய அம்மா புஷ்பராணி, "அண்ணன் சொன்னா சரி" என்று எழுதினார்.

கல்யாணம் பாகான் டாலாமில் ஒரு மண்டபத்தில் நடந்தது. கெட்டிமேளம் கொட்டி, தாலி ஏறி, அரிசி விழுந்து முடிந்தது. டத்தோ மைக்கைப் பிடித்தார். பாலும் பழமும் என்பது வெறும் பாலும் பழமும் அல்ல என்று அவர் தொடங்கியபோது, புஷ்பராணி வெள்ளிக் கிண்ணத்தோடு மருமகளின் முன்னால் வந்து நின்றார். தர்மினி ஒன்றும் கேட்கவில்லை. சதீசனை மட்டும் பார்த்தாள். அவன் தலையாட்டினான். அவள் சிரித்துக்கொண்டே வாயைத் திறந்தாள். கேட்காமல் விழுங்கிய முதல் வாய் அது, அவளுக்கு இனிப்பாகத்தான் இருந்தது.

விழுங்கியதற்கும் விழுந்ததற்கும் நடுவே டத்தோ ஒரு வாக்கியத்தை முடித்திருந்தார். நாக்கு தடித்தது, உதடு பிதுங்கியது, கழுத்து நகைக்குள் கழுத்து இறுகியது. ஆனந்தராஜா மேடையில் பாய்ந்து, பட்டுப்புடவையோடு சேர்த்துத் தொடையில் ஊசியைக் குத்தினார். அதற்குள் மல்லிகை வாசனைக்கு மேலே சாணி வாடை எழுந்துவிட்டது. டத்தோ வாடையை உணர்ந்து, பேச்சை நிறுத்தாமல், கூட்டத்தில் யாரையோ சந்தேகமாகப் பார்த்தார். உதை அவருடைய மார்பில் நேராக விழுந்தது. மைக் கையில் இருந்ததால் எலும்பு முறிந்த சத்தம் கடைசி வரிசைக்கும் தெளிவாகக் கேட்டது. தலைப்பாகை ஒரு பக்கமும் டத்தோ ஒரு பக்கமுமாகப் பறந்து, அவர் சீர்வரிசைத் தட்டுகளின் மேல் வாயில் ரத்தத்தோடு இறங்கினார். புஷ்பராணிக்கு இடுப்பில் விழுந்தது. அவர் தவில்காரர் மடியில் போய்ச் சேர, தவில் கிழிந்தது. பாலைக் கலந்த சமையல்காரர் கொதிக்கும் ரசத்தில் முழங்கை வரை முக்குளித்தார். பிறகு மாடு வரிசைகளுக்குள் இறங்கியது. அது கட்டைவிரலுக்கும் கும்பிட்ட கைக்கும் வேறுபாடு பார்க்கவில்லை. மாமாக்கள் நாற்காலிகளோடு சரிந்தார்கள், அத்தைகளின் பற்கள் பந்திப் பாயில் உருண்டன, ஒரு சித்தப்பா கதவை உடைத்துக்கொண்டு கார் நிறுத்துமிடத்தில் போய் விழுந்தார். அதே நேரத்தில் மெல்பர்னில், காப்பி குடித்துக்கொண்டிருந்த ஒருவர் பால்கனியிலிருந்து கீழே பூச்செடியில் விழுந்து தாடையை உடைத்துக்கொண்டதாகப் பிற்பாடு தகவல் வந்தது. பெண் வீட்டார் இலைகளைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு வழிவிட்டார்கள்.

சத்தம் அடங்கியபோது மாப்பிள்ளை வீட்டாரில் நின்றுகொண்டிருந்தது சதீசன் ஒருவன்தான். மேடைத் தரையில் அப்பாவின் மடியில் தலை வைத்துக் கிடந்த தர்மினிக்கு மூச்சு நூல்போல வரத் தொடங்கியிருந்தது. அவள் அந்த மூச்சை எண்ணவில்லை, அவனையே பார்த்துக்கொண்டிருந்தாள். உதை வராவிட்டால் அவனுக்குத் தெரியாது என்று பொருள். தெரியாதென்றால் அவனோடு வாழலாம். அவளுடைய வாழ்க்கையில் மாடு வரக்கூடாது என்று அவள் வேண்டிக்கொண்டது அன்றைக்கு மட்டும்தான். மாடு வரவில்லை. குளம்புச் சத்தம் கூட நின்றுபோயிருந்தது. சதீசனின் முகத்தில் ரத்தம் திரும்பியது. அவன் மண்டியிட்டு அவள் கையைப் பிடித்தான்.

"எனக்குத் தெரியாது தர்மினி. சத்தியமா. அந்தக் குரூப்ப நான் பாக்கறதே இல்ல."

உதை தாடையில் விழுந்தது. அன்றைய உதைகளில் அதுதான் கடுமையானது என்பதில் பார்த்தவர்களுக்குள் கருத்து வேறுபாடு இல்லை. அவன் ஓமகுண்டத்தின் மேலாகப் பறந்து, இருவர் பெயரையும் பூவால் எழுதியிருந்த வளைவை இரண்டாகப் பிளந்துகொண்டு சுவரில் மோதினான். வேட்டியின் ஓரத்தில் நெருப்புப் பிடித்தது. பெண் வீட்டாரில் ஒருவர் பன்னீரை ஊற்றி அணைத்தார்.

தர்மினி அப்பாவின் தோளைப் பிடித்து எழுந்தாள். நடக்க முடிந்தது. அவனருகே போய் நின்றாள். அவன் ஏதோ சொல்லப் பார்த்தான், தாடை ஒத்துழைக்கவில்லை.

"மத்தவங்கள நீ எதிர்த்துக் கேட்டிருக்கக்கூட வேணாம்" என்றாள், வீங்கிய உதட்டோடு. "குரூப்புல பாத்தத என்கிட்ட சொல்லியிருந்தா போதும்."

பிறகு, "இனிமே நானே கேட்டுக்கறேன்" என்றாள். மாலையைக் கழற்றி நாற்காலியில் மாட்டிவிட்டு அப்பாவோடு ஆம்புலன்சில் ஏறினாள். மாமியார் வீட்டு வாசலில் வலது காலை எடுத்துவைப்பதற்கு அன்றைக்கு யாரும் வரவில்லை, பிறகும் வரவில்லை.

கேஸ் தோம்பு வெடித்தது என்று பத்திரிகைகள் எழுதின. டத்தோவின் மார்பில் குளம்பு அச்சு மற்றவர்களுக்கு மறைந்ததைப்போல மறையவில்லை. அதை அவர் மறைக்கவும் இல்லை. தாம் பண்பாட்டுக்காகப் பட்ட விழுப்புண் என்று கூட்டங்களில் சட்டைப் பொத்தானைக் கழற்றிக் காட்டுகிறார். சதீசன் கஞ்சி குடித்துத் தேறி, எல்லாக் குழுக்களிலிருந்தும் விலகி, விவாகரத்துத் தாளில் கையெழுத்துப் போட்டான். தர்மினி இப்போது ஒரு கடைக்குள் நுழைந்தால் யாரையும் கேட்க வேண்டியிருப்பதில்லை. சமையல்காரர், கல்லாவில் இருப்பவர், மேசை துடைப்பவர் எல்லோரும் எழுந்து நின்று எதில் பால் இருக்கிறது என்று தாங்களாகவே ஒப்பித்துவிடுகிறார்கள். சிலர் வீட்டில் பூனைக்கு வைத்ததைக்கூடச் சொல்கிறார்கள். அவள் பொறுமையாகக் கேட்டுவிட்டு, இன்னொரு முறை தானும் கேட்டுவிட்டுத்தான் உட்காருகிறாள். பாகான் டாலாம் மண்டபத்தில் மேடைச் சுவருக்கு மெத்தை அடித்திருக்கிறார்கள்.

அந்தக் கல்யாணத்துக்குப் போய்வந்தவர்களிடம் விசாரித்தால், சாம்பாரில் உப்புப் போதவில்லை என்கிறார்கள்.