மேற்கு வாக்குச்சாவடியில் ஒரு ஓட்டு

லோவெல் டீடமனின் வாய் ஊரறிந்த வாய். நெப்ராஸ்காவில் எங்கள் லோரிமர் மாவட்டத்தில் மாடு வளர்க்காத ஆளைக்கூடக் கண்டுபிடித்துவிடலாம், லோவெல் எழுதும் பத்தியைப் படிக்காத ஆளைக் கண்டுபிடிக்க முடியாது. முப்பது வருஷமாக வியாழக்கிழமைப் பத்திரிகையில் தவறாமல் வருகிறது. வாஷிங்டனில் கறுப்பு அங்கி போட்டவர்கள் சட்டத்தில் இல்லாததையெல்லாம் இருப்பதாகப் படிக்கிறார்கள் என்பார். ஓட்டு வாங்கி வந்தவன் செய்யவேண்டிய வேலையை ஓட்டே கேட்காதவன் செய்கிறான் என்பார். சட்டம் பிடிக்கவில்லையா, சட்டசபைக்குப் போய் மாற்று, நீதிபதி காலைப் பிடித்து மாற்றாதே. இதுதான் அவர் கட்சி. பிழைப்புக்காகச் சொன்ன பேச்சு இல்லை, மனுஷன் நெஞ்சாரச் சொன்னார்.

அவர் கேட்ட மாதிரி ஒரு நீதிபதி எங்களுக்கே வாய்த்திருந்தார். வாரன் குபிசெக். சுற்றுப்பட்டு மூன்று மாவட்டத்துக்கும் அவர் ஒருவர்தான் நீதிபதி. லோவெலும் அவரும் ஒரே சர்ச், நவம்பரில் ஒரே சதுப்பில் வாத்து வேட்டை. சட்டத்தில் என்ன எழுதியிருக்கிறதோ அதற்கு மேல் ஒரு சொல் சேர்க்க மாட்டார், ஒரு சொல் குறைக்கவும் மாட்டார்.

நான்கு வருஷத்துக்கு முன்னால் மார்சி டோலன் என்ற பள்ளிக்கூட டீச்சர், எதிர்க்கட்சிக்காரி, தேர்தலில் நிற்க மனு கொண்டுபோனாள். எங்கள் மாவட்டத்தில் ஒரு கூத்து உண்டு. நேரக்கோடு மாவட்டத்தை நட்டநடுவில் வகுந்துகொண்டு போகிறது. கிழக்குப் பாதிக்கு ஒரு மணி முன்னால், மேற்குப் பாதிக்கு ஒரு மணி பின்னால். முன்மணி, பின்மணி என்றுதான் நாங்கள் சொல்வோம். நீதிமன்றமும் மாவட்ட அலுவலகமும் கிழக்கே, முன்மணியில். மார்சி மேற்கே இருப்பவள். மனு வாங்க மாலை ஐந்து மணி கெடு, அவள் போய்ச் சேர்ந்தது ஐந்து ஒன்பதுக்கு. சட்டத்தில் ஐந்து மணி என்றுதானே இருக்கிறது, எந்த மணி என்று இல்லையே, என் வீட்டில் நாலு ஒன்பதுதான் என்று வழக்குப் போட்டாள். அலுவலகம் எந்த மணியில் நடக்கிறதோ அந்த மணிதான் என்று வாரன் இரண்டே பக்கத்தில் தீர்ப்பு எழுதித் தள்ளிவிட்டார்.

அந்த வாரம் லோவெல் எழுதிய பத்தியை ஊரே வெட்டி வைத்துக்கொண்டது. "ஆளுக்கொரு சூரியனைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு வந்தால் கோர்ட்டு நடக்காது. ஐந்து என்றால் ஐந்து. அதைச் சொல்ல முதுகெலும்பு வேண்டும், அது நம் நீதிபதிக்கு இருக்கிறது." நேரக்கோட்டின் மேலேயே இருக்கும் ஆர்லீனின் காப்பிக்கடையில் இதைக் கண்ணாடித்தாள் ஒட்டிச் சுவரில் மாட்டியிருந்தார்கள்.

இந்த வருஷம் லோவெலின் மகள் ஜெனெல் மாவட்டக் குழுவுக்கு நிற்பதென்று முடிவானது. மூன்று தடவை ஜெயித்து மூன்று தடவையும் நிலவரியை ஏற்றிய டுவைட் கிராமை யாராவது இறக்கியே ஆகவேண்டும் என்று மேற்கில் எல்லோருக்கும் வெறி. ஜெனெல் பேச்சில் அப்பனைக் கொண்டு பிறக்கவில்லை. பத்து வார்த்தை கேட்டால் ஒரு வார்த்தை சொல்வாள். ஆனால் இரண்டு வருஷமாக வீடு வீடாகப் போய், உடைந்த பாலம், மூடின பள்ளிக்கூடம் என்று ஒவ்வொன்றாகக் குறித்து வைத்திருந்தாள். ஜெயிக்கிற குதிரை என்று எல்லோருக்கும் தெரியும்.

மனுவுக்குக் கடைசி நாள் மார்ச் முதல் தேதி. மாடு கன்று ஈனுகிற பருவம். அன்று மத்தியானம் ஒரு கிடாரிக்குக் கன்று குறுக்கே கிடந்தது. முழங்கை வரை கையை உள்ளே விட்டுக்கொண்டிருந்த ஜெனெல், கையெழுத்துப் போட்டு முத்திரை வைத்த மனு அடுப்படி மேஜையில் இருக்கிறது, நீங்கள் கொண்டுபோய்க் கொடுத்துவிடுங்கள் அப்பா என்றாள். இதென்ன பெரிய வேலை என்று லோவெல் கிளம்பினார்.

வழியில் ஆர்லீன் கடை. கிளம்பின வேளைக்கு அங்கே ஒரு காப்பி குடிக்க நேரம் தாராளமாக இருந்தது. உள்ளே போனால் நாலு பேர், அன்றைக்கென்று வாஷிங்டனிலிருந்து ஒரு தீர்ப்புச் செய்தி. விடுவாரா மனுஷர்? எழுதின சட்டத்தை விட்டுவிட்டு எழுதாத சட்டத்தைப் படிக்கிறார்கள் என்று ஆரம்பித்தார். பேச்சென்று உட்கார்ந்தால் அவருக்குப் பசி தெரியாது, தாகம் தெரியாது. அரைமணி ஆகியிருக்கும் என்று அவருக்குத் தோன்றியபோது தலையைத் தூக்கிக் கல்லாவுக்கு மேலே பார்த்தார்.

அங்கே இரண்டு கடிகாரம் உண்டு. இடது பக்கம் பின்மணி, வலது பக்கம் முன்மணி. எழுதி ஒட்டவில்லை, ஏன் ஒட்டவேண்டும், எங்களுக்குத் தெரியாதா? வலது பக்கம் மூன்றரை. நாற்பது நிமிஷ ஓட்டம், நாலே காலுக்குள் போய்விடலாம் என்று இன்னொரு வாய் காப்பி குடித்துவிட்டு எழுந்தார். அந்த வாரம் ஆர்லீன் சுவருக்கு வர்ணம் அடித்திருந்தாள். கடிகாரத்தைத் திரும்ப மாட்டினவள் இடம் மாற்றி மாட்டிவிட்டாள். நாலு நாளாக யாரும் கவனிக்கவில்லை. அவருடைய வண்டியில் கடிகாரம் செத்து ஆறு வருஷம்.

மாவட்ட அலுவலகத்தில் எழுத்தர் அம்மாள் கோட்டைப் போட்டுக்கொண்டு சாவியைக் கையில் வைத்திருந்தாள். லோவெல் சிரித்துக்கொண்டே, என்ன அதுக்குள்ளேயா என்றார். அவள் சுவரைக் காட்டினாள். ஐந்து பதினொன்று. அவர் அதைப் பார்த்தார், தன் கையிலிருந்த உறையைப் பார்த்தார்.

வீட்டுக்கு வந்து சொன்னபோது ஜெனெல் கன்றைத் துடைத்துக்கொண்டிருந்தாள். கன்று பிழைத்துவிட்டது. அவள் கத்தவில்லை, அழவில்லை. சரிப்பா என்றாள். அதற்குப் பதில் நாலு அறை கொடுத்திருக்கலாம்.

கட்சியின் மாவட்டத் தலைவர் ரெக்ஸ் ஷ்லூட்டர் சும்மா விடுகிற ஆள் இல்லை. வக்கீலை வைத்து வழக்குப் போட்டார். வாதம் என்ன தெரியுமா? சட்டத்தில் ஐந்து மணி என்றுதான் இருக்கிறது, எந்த மணி என்று இல்லை, மேற்கே அப்போது நாலு பதினொன்றுதான். மார்சி டோலனின் வாதம், எழுத்துப் பிசகாமல்! வழக்குப் போட வேண்டாம் என்று ஜெனெல் இரண்டு தடவை சொன்னாள். லோவெல் சாட்சிக்கூண்டு ஏறி, எங்கள் பாதிக்கும் ஒரு நேரம் இருக்கிறதல்லவா என்று கேட்டார். நாக்கு கூசியது, ஆனாலும் கேட்டார். மேடையிலிருந்து வாரன் கண்ணாடிக்கு மேலாக அவரை ஒருதரம் பார்த்துவிட்டு எதையோ குறித்துக்கொண்டார்.

தீர்ப்பு இந்தத் தடவை ஒன்றரைப் பக்கம். டோலன் வழக்கில் சொன்னதே இதற்கும் என்று இருந்தது.

ஊர் கொதித்தது. நம் ஆள் என்று நினைத்தோமே, பாம்புக்குப் பால் வார்த்தோமே என்றார்கள். அந்த நவம்பரிலேயே வாரனின் பெயர் வாக்குச்சீட்டில் வரவேண்டிய முறை. எங்கள் மாநிலத்தில் ஆறு வருஷத்துக்கு ஒருமுறை நீதிபதிக்கும் ஓட்டு உண்டு. எதிர்த்து யாரும் நிற்க மாட்டார்கள்; இந்த நீதிபதி தொடரலாமா, ஆமா, இல்லை, அவ்வளவுதான் கேள்வி. யாரும் படிக்காமல் ஆமா போட்டுவிட்டுப் போகிற கேள்வி. இந்த வருஷம் எல்லோரும் படிக்கக் காத்திருந்தார்கள்.

ரெக்ஸ் லோவெலின் வீட்டுக்கே வந்தார். நீங்க எழுதினா போதும், ஆள் காலி என்றார். லோவெல் யோசிக்கிறேன் என்றார். ரெக்ஸ் போனபின் ஜெனெல் பாத்திரம் கழுவிக்கொண்டே கேட்டாள்.

"நீதிபதிக்காக ஒண்ணு எழுதுவீங்களாப்பா?"

"யாருக்காக?"

"வாரன் மாமாவுக்காக. அவர் செஞ்சது சரிதானே. நீங்க சொல்லித்தானே எனக்கே தெரியும்."

எழுதறேம்மா, அடுத்த வாரம் எழுதறேன் என்றார் லோவெல்.

அந்த அடுத்த வாரம் வரவே இல்லை. உட்கார்ந்து எழுதத்தான் செய்தார். "என் மகளின் மனுவைக் கெடுத்தது நீதிபதி அல்ல" என்று ஒரு வரி எழுதுவார். அதற்கடுத்த வரியில் யார் கெடுத்தது என்று சொல்லவேண்டும். அங்கே பேனா நின்றுவிடும். காகிதத்தைக் கசக்கிப் போட்டுவிட்டு வாஷிங்டனுக்குப் போய்விடுவார். செப்டம்பர் முழுக்க வாஷிங்டன், அக்டோபர் முழுக்க வாஷிங்டன். உச்ச நீதிமன்றத்தை நாலு தடவை கிழித்தார். ஆயிரத்தைந்நூறு மைலுக்கு அப்பால் இருக்கிறவனைத் திட்டுவதில் ஒரு வசதி உண்டு, அவன் ஞாயிற்றுக்கிழமை சர்ச்சில் பக்கத்தில் வந்து உட்கார மாட்டான். வாரன் உட்கார்ந்தார். வழக்கைப் பற்றி ஒரு வார்த்தை எடுக்கவில்லை. பாட்டுப் புத்தகத்தில் பக்கம் எடுத்து நீட்டினார், அவ்வளவுதான்.

லோவெல் எழுதாததையே ஊர் ஒரு பதிலாக எடுத்துக்கொண்டது. அவருக்கே பேச்சு வரவில்லை பார், எவ்வளவு நொந்திருப்பார் என்றார்கள். சாலையோரமெல்லாம் "இல்லை போடு" என்று அட்டை முளைத்தது. லோவெல் வேலியில் ரெக்ஸின் ஆள் ஒன்றை நட்டுவிட்டுப் போனான். ஜெனெல் அதைப் பிடுங்கித் தொழுவத்தில் போட்டாள்.

தேர்தல் அன்று காலையில் நல்ல உறைபனி. மேற்குப் பகுதிக்கு வாக்குச்சாவடி தீயணைப்பு வண்டி நிற்கிற கொட்டகை. ஜெனெல் விடியும்போதே போட்டுவிட்டு வந்துவிட்டாள். லோவெல் பத்து மணிக்குப் போனார். வீட்டிலிருந்து கிளம்பும்போது ஆமா போடுவதாகத்தான் கிளம்பினார், சத்தியமாக. எழுதத்தான் இல்லை, இதையாவது செய்வோம் என்று நினைத்துக்கொண்டே வண்டி ஓட்டினார்.

சீட்டின் முதல் பக்கத்தில் மாவட்டக் குழு என்ற இடத்தில் டுவைட் கிராமின் பெயர் மட்டும் தனியாக இருந்தது. ஜெனெல் பெயர் இருக்கவேண்டிய இடத்தில் வெறும் வெள்ளை. பின்பக்கம் திருப்பினார். நீதிபதி வாரன் குபிசெக் பதவியில் தொடரலாமா? தொடர்ந்தால் வாரன் செய்தது சரி. வாரன் செய்தது சரியென்றால் தப்பு லோவெலுடையது, அவருடைய வாயுடையது, வேறு யாருடையதும் இல்லை. சாகும்வரை இதைத் தூக்கிக்கொண்டு அலையவேண்டும். ஊரே கூடி இல்லை என்று சொல்லிவிட்டால் கொஞ்சம் இறக்கி வைக்கலாம். பேனாவை எடுத்து, இல்லை என்பதற்கு நேரே இருந்த முட்டை வடிவக் கட்டத்தைக் கறுப்பாக நிரப்பினார். வாரன் தீர்ப்பு எழுதுகிற மாதிரி, கோட்டுக்கு வெளியே போகாமல் நிரப்பினார்.

வாரன் அறுபத்திரண்டு ஓட்டில் தோற்றார். இருபத்திரண்டு வருஷ உத்தியோகம், மூன்று மாவட்டத்தில் அறுபத்திரண்டு ஓட்டு.

அதற்கடுத்த ஞாயிற்றுக்கிழமை சர்ச்சின் கீழ்க்கூடத்தில் காப்பிக்கு நின்றிருந்தார்கள். வாரனைச் சுற்றி வழக்கமாக இருக்கிற கூட்டம் இல்லை. அவர் நேராக லோவெலிடம் வந்தார். கையில் காகிதத்தில் சுற்றிய ஒரு படச்சட்டம். பக்கத்தில் ஜெனெல் கோப்பையோடு நின்றிருந்தாள்.

"ரூமைக் காலி பண்றேன். இது உன்னுது," என்றார்.

பிரித்தால் அந்தப் பழைய பத்தி. ஆளுக்கொரு சூரியன். கண்ணாடி போட்டு நாலு வருஷம் தன் மேஜை மேல் வைத்திருந்திருக்கிறார்.

"ஜெனெல் கேஸ் வந்தப்போ ரெண்டு நாள் தூங்கலை. நம்ம லோவெலோட பொண்ணாச்சேன்னு மனசு கிடந்து அடிச்சுக்கிச்சு. அப்புறம் இதைத்தான் எடுத்துப் படிச்சேன்," என்றார் வாரன்.

லோவெல் ஏதோ சொல்ல வாயெடுத்தார். வாரன் கையைத் தூக்கி நிறுத்தினார்.

"நீ எழுதலைங்கிறதுல எனக்கு வருத்தமில்லப்பா. கட்சி, ஊரு, எல்லாம் இருக்கு உனக்கு, புரியுது. சாவடி வாரியாக் கணக்கு வந்துச்சு, பாத்தேன். மேற்கு சாவடியில முப்பத்தொம்பது பேர் வேண்டாம்னு போட்டிருக்காங்க. வேணும்னு ஒரே ஒரு ஓட்டு." அவர் கண் கலங்கிவிட்டது. லோவெலின் தோளைப் பிடித்தார். "அது யாரோடதுன்னு எனக்குத் தெரியாதா? அது போதும் எனக்கு."

முப்பது வருஷம் நிற்காத வாய். அப்போது அதிலிருந்து ஒன்றும் வரவில்லை. லோவெல் மெதுவாகத் திரும்பி மகளைப் பார்த்தார். ஜெனெல் அவரைப் பார்க்கவில்லை. கோப்பைக்குள் பார்த்துக்கொண்டு நின்றாள். அவள் ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் போதும், அந்த இடத்திலேயே எல்லாம் உடைந்திருக்கும். அவள் சொல்லவில்லை. அவர் சொல்வதற்காகக் காத்திருந்தாள்.

"ஆமா," என்றார் லோவெல்.

வாரன் அவர் கையைப் பிடித்துக் குலுக்கிவிட்டுத் தன் கோட்டைத் தேடிப் போனார். ஜெனெல் கோப்பையைக் கழுவி அடுக்கில் கவிழ்த்தாள். அப்பாவின் கையிலிருந்த சட்டத்தை வாங்கிக் காகிதத்தில் பழையபடி சுற்றினாள், நூலைக் கட்டினாள், அவர் கையிலேயே திரும்பக் கொடுத்தாள்.

"நேரமாச்சு, போலாம்பா," என்றாள்.