இடது புஜத்தில் ஒரு சதை கூடுதல்

எமர்ஜென்சி முடிந்த வருஷம், ஐப்பசி மழை கொட்டித் தீர்த்த மறுவாரம், எப்போதும்வென்றான் ஊருக்குப் பக்கத்துக் கண்மாயில் ஒரு ஆண் பிணம் ஒதுங்கியது. விளாத்திகுளத்துக்கு வத்தல் விற்கப் போன என் வீட்டுக்காரர் சங்கிலிப்பாண்டி திரும்பி வந்திருக்கவில்லை. அதனால் என்னையும் கொழுந்தன் பரமசிவனையும் போலீஸ்காரர் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போனார்.

முகத்தை மீன் தின்றிருந்தது. வேட்டி எல்லோரும் கட்டுகிற வேட்டிதான். நான் கத்துவேன், மார்பில் அடித்துக்கொள்வேன் என்று இரண்டு பேரும் காத்து நின்றார்கள். ஆம்பளைகளுக்கு எல்லாம் உடனே நடந்துவிட வேண்டும். எனக்குப் பஸ்ஸில் வரும்போதே மரத்துப்போயிருந்தது.

“மச்சம், தழும்பு, எதாவது அடையாளம் உண்டுமாம்மா?” என்றார் போலீஸ்காரர்.

மச்சமும் இல்லை, தழும்பும் இல்லை. இருந்த ஒன்றைக் கொழுந்தன் முன்னால் எப்படிச் சொல்வது? கல்யாணமானதிலிருந்து அவருடைய இடது கையில்தான் தலைவைத்துத் தூங்குகிறேன். அவர் கையை மடக்கி என்னை இழுத்தால் புஜத்தின் உள்பக்கம் ஒரு சதை மட்டும் திரித்த கயிறுபோலத் தனியே எழும்பிப் பிடரியில் குத்தும். வலது கையில் அது கிடையாது. ‘ஒரு சதை கூடுதலா வாங்கிட்டு வந்தியளோ’ என்று கேலி செய்வேன்.

“இடது கையை மடக்கினா உள்பக்கம் தனியா ஒரு சதை எழும்பும்” என்றேன், தரையைப் பார்த்துக்கொண்டு.

“செத்த கை எங்கம்மா மடங்கும்?” என்றார் போலீஸ்காரர்.

பரமசிவன் முகத்தைத் திருப்பிக்கொண்டான். ஆனால் பிணத்தை அறுத்துப் பார்த்த டாக்டர் வாசலில் நின்று கேட்டுக்கொண்டிருந்தார். சின்ன வயசுக்காரர். மறுபடி உள்ளே போனார். யாரோ எனக்கு டீ வாங்கிக் கொடுத்தார்கள். சீனி அதிகம் என்று நினைத்தேன். சத்தியமாக அதை மட்டும்தான் நினைத்தேன்.

டாக்டர் வெளியே வந்தார்.

“இந்தச் சதை மேல ரெண்டாத்தான் பிரியும்மா. இவருக்கு இடது கையில மூணாப் பிரிஞ்சிருக்கு. வலதுல ரெண்டுதான். ஆனா இதை மட்டும் வச்சு முடிவு பண்ண முடியாது. பத்துப் பேர்ல ஒருத்தருக்கு இப்படி இருக்கும்.”

பரமசிவன் அதைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டான். “அப்போ அண்ணனா இல்லாமலும் இருக்கலாம்லா சார்? மதினி, தாலிய எதுக்கு இப்பவே இறக்கணும்? பம்பாய்க்குப் போயிருந்தாலும் போயிருப்பாவ.”

“இருக்கலாம். எனக்கே இருக்குதே” என்று டாக்டர் சட்டைக் கையைச் சுருட்டி, முழங்கையை மடக்கிக் காட்டினார்.

அதே சதை. தோலுக்கடியில் எழும்பியது, கையை நீட்டியதும் அடங்கியது. டாக்டர் இன்னொரு தடவை மடக்கினார். முகமில்லாத உடம்பைப் பார்த்தபோது வராத துக்கம் அப்போதுதான் வந்தது. என் வீட்டுக்காரர் கை இனி மடங்காது. அந்த அந்நியக் கையில் தலையைச் சாய்த்துவிடலாம் போலிருந்தது. சீ என்றும் இருந்தது.

“அவியதான்” என்றேன்.

“மதினி, அவசரப்படாதீங்க. சார் என்ன சொல்லுதாருன்னா...”

“அவியதான் தம்பி. இல்லைன்னு சொல்லிட்டுப் போனா, இனி பஸ்ஸுல, சந்தையில பாக்குத ஆம்பளை கையையெல்லாம் மடக்கச் சொல்லிப் பாத்துக்கிட்டே திரியணும். என்னால ஏலாது.”