அபூ நாயிஃப் கணினியில் அழியாத குப்பை

அபூ நாயிஃபின் மகள் ஹாலாவுக்கும் கணினி பழுதுபார்க்கும் லைத்துக்கும் மனம் ஒத்துப்போயிருந்தது. அப்பாவின் மனம்தான் பாக்கி. அவருக்கோ வேறு கவலை. ஒரு வருடமாக அவர் கணினியின் ஆன்டிவைரஸ், "தற்காலிகக் கோப்புகளை நீக்க முடியவில்லை" என்று தினமும் சிவப்பில் கத்தியது. அந்தக் கணினியில்தான் அவர் தன் குலத்தின் வம்சமரத்தை எழுதிவந்தார். பார்க்க வரும் பெரியவர்கள் முன்னால் வீட்டுக் குப்பையை அது தண்டோரா போட்டால் மானம் என்னாவது?

ஆள் அனுப்பியதும் லைத் பறந்து வந்தான். ஹாலா வைத்துவிட்டுப் போன காப்பியைத் தொடவே இல்லை. ஜோர்டானின் ஸல்த் ஊரில் பெண் கேட்க வருகிறவர்கள் செய்வது அதுதான்.

"குடிப்பா, ஆறுது."

"நான் கேக்குறது நடந்தாத்தான் குடிப்பேன், மாமா."

அபூ நாயிஃபுக்குப் புரிந்துவிட்டது. "பெரியவங்க யாரும் இல்லாம ஒத்தையா வந்து பொண்ணு கேக்குற துணிச்சலைப் பாரு. முதல்ல இந்தச் சனியன் வாயை மூடு. நான் அஸர் தொழுதுட்டு வரேன்."

லைத் நோண்டிப் பார்த்தான். தற்காலிகக் கோப்புகளுக்கு நடுவில் ஒன்று மட்டும் திறந்தபடியே கிடந்தது. திறந்து கிடப்பதை ஆன்டிவைரஸ் எப்படி நீக்கும்? குப்பைமேட்டில் இருப்பது குப்பைதானே என்று அதை மூடினான். உள்ளே என்ன என்று பார்க்கவில்லை. காதலுக்குக் கண் இல்லை. 'மீட்க முடியாதபடி அழி' என்பதையும் தேர்ந்தெடுத்தான். திரை பச்சையானது.

திரும்பி வந்தவர் நெகிழ்ந்துபோனார். "கைகாரன்டா நீ. குடி. பொண்ணு உனக்குத்தான்."

ஒரே மடக்கில் குடித்தான்.

அபூ நாயிஃப் கண்ணாடியை மாட்டிக்கொண்டு, குவைத்திலிருந்து மகன் எப்போதோ அனுப்பிய மெயிலைத் தேடித் திறந்தார். அதோடு வந்த வம்சமரக் கோப்பில் மகன் முதலில் எழுதியிருந்த நாலே நாலு பெயர்கள் இருந்தன.

"மிச்சப் பேரெல்லாம் எங்கப்பா?"

லைத் திரையை எட்டிப் பார்த்தான். "மெயில்லயே திறந்து, அதுலயே எழுதினீங்களா மாமா? வேற எங்கயும் வைக்கலையா?"

"எதுக்கு? எழுதி எழுதி சேமின்னு அழுத்துனேனே. திரும்பத் தேடணுமேன்னு மூடுறதுகூட இல்ல."

மூடாத அந்தச் சோம்பல்தான் இத்தனை நாளும் குலத்தைக் காப்பாற்றியது. ஒரு வருடம் முயன்று ஆன்டிவைரஸால் ஆகாததை மாப்பிள்ளை ஒரு தொழுகை நேரத்தில் முடித்துவிட்டான். மெயிலிலேயே திறந்து எழுதுவது தற்காலிகக் கோப்பாகத்தான் கிடக்கும், அதைத் தான் அழித்துவிட்டதாகச் சொன்னான்.

அபூ நாயிஃப் கத்தவில்லை. கவிழ்ந்த முகத்தோடு காலிக் கோப்பையையே பார்த்தார். கத்தியிருந்தால் தேவலை என்றிருந்தது லைத்துக்கு.

"குடிச்சிட்ட. வாக்கு வாக்குதான்," என்றார் கடைசியில். "ஆனா மரம் திரும்ப முளைச்சப்புறம்தான் கல்யாணம். வீடு வீடாப் போய்க் கேட்டு எழுது. நாளைக்கு எங்க பெரியத்தை வீட்ல ஆரம்பி. கொஞ்சம் சத்தமாப் பேசணும், காது கேக்காது."

கதவுக்குப் பின்னாலிருந்து ஹாலாவின் குரல் வந்தது.

"பெரியத்தைக்குத் தொண்ணூறு வயசுப்பா. இன்னிக்கே போகச் சொல்லுங்க."