நான்காம் கேள்வியில் விட்டுப்போனது

1

இந்தக் கதை ஒரு தேர்வுத்தாளில் பிறந்தது. செவிலியர் கல்லூரியில் அறவியல் பாடம் எடுக்கிறேன். போன பருவத் தேர்வில் நான் போட்ட நான்காம் கேள்வி இது:

'ஒருவர், தம் தந்தை சாகக் கிடப்பதைக் கர்ப்பிணியான மூத்த சகோதரியிடம் மறைக்கிறார். இது சரியா? எல்லோருக்கும் பொருந்தும் விதி ஒன்றைக் கொண்டு விடை தருக.'

அந்த 'ஒருவர்' நான்தான். (என் வீட்டு வழக்குக்கு ஐம்பத்திரண்டு மாணவிகளை நீதிபதிகளாக உட்காரவைத்தேன். வெட்கமில்லை என்று சொல்லிக்கொள்ளுங்கள்.)

2

முதலில் இப்படித் தொடங்கினேன்: 'மழை விடாமல் பெய்துகொண்டிருந்த ஒரு மாலையில், மருத்துவமனை வராந்தாவில்…'

பொய். அன்று வெயில் மண்டையைப் பிளந்தது. உங்கள் அனுதாபத்துக்காக மழையை வரவழைத்தேன்.

அக்காவுக்கு எட்டாம் மாதம். படுக்கையை விட்டு எழவே கூடாது என்று மருத்துவர் சொல்லியிருந்தார். "சும்மா காய்ச்சல்தான்க்கா, ரெண்டு நாள்ல வீட்டுக்கு வந்துடுவாரு," என்று போனில் சொன்னேன். மூன்றாம் நாள் அப்பா போய்விட்டார். பிரசவம் முடியும்வரை அதையும் மறைத்தோம்.

கைக்குழந்தையோடு வந்து நின்று அவள் ஏன் என்று கேட்டபோது, பாழாய்ப்போன வாயில் பாடம்தான் வந்தது.

"என் இடத்துல யாரா இருந்தாலும் அதைத்தான் செஞ்சிருப்பாங்க."

"யாரோ என்னமோ செய்யட்டும்டி. நீ என் தங்கச்சி இல்லையா?"

அதோடு சரி. ஆறு வருடமாகப் பேச்சில்லை. அவள் திட்டுவதைக் கேட்கக்கூட ஏங்கிப்போயிருக்கிறேன்.

3

ஐம்பத்தொரு பேர் ஒழுங்காக விதி எழுதியிருந்தார்கள். பொய் எப்போதுமே தவறு என்றார்கள் பாதிப் பேர். இரண்டு உயிரைக் காப்பாற்றியது சரி என்றார்கள் மற்றவர்கள். எல்லோருக்கும் மதிப்பெண் போட்டேன். ஒருத்தி மட்டும் விடைக்குப் பதிலாக ஒரு வரி எழுதியிருந்தாள்: 'அந்த அப்பா பெரிய மகளைப் பார்க்கக் கேட்டாரா?'

கேள்விக்குக் கேள்வி விடையாகாது. பூஜ்யம் போட்டேன். [போட்டுவிட்டு ஆசிரியர் அறையில் உட்கார்ந்து அழுதேன். இந்த வரியை வெட்ட நினைத்தேன், கிடக்கட்டும்.]

கேட்டார். அதைத்தான் கேள்வித்தாளில் விட்டுவிட்டேன். அக்காவிடமும் சொன்னதில்லை.

கடைசி நாள் காலையில், "பெரியவ எங்கம்மா?" என்றார்.

"வந்துட்டே இருக்காப்பா. பஸ்ல இருக்கா."

தலையணையை நகர்த்தச் சொன்னார். கதவு தெரியும்படி திரும்பிப் படுத்துக்கொண்டார்.*

(*அடிக்குறிப்பு: எல்லோருக்கும் பொருந்தும் விதி வேண்டுமென்றால் முதலில் கதையிலிருந்து ஆட்களை வெளியேற்ற வேண்டியிருக்கிறது. வெளியேற்றிய பிறகு எதற்குத் தீர்ப்புச் சொல்கிறோம்? இருபது வருடமாகப் பாடம் நடத்துகிறேன், எனக்கே தெரியவில்லை.)

4

இனி முடிவு. முதல் வரைவில் அக்காவிடம் இதைச் சொல்கிறேன். அவள் கட்டிக்கொண்டு அழுகிறாள். சினிமா. கோடு போட்டு அடித்துவிட்டேன். இரண்டாவதில் சொல்லவே இல்லை. அவள் நிம்மதியாக இருக்கிறாள், நான்… [இந்த வாக்கியம் வரமாட்டேன் என்கிறது.] மூன்றாவதில் சொல்கிறேன்; ஒட்டிக்கொண்டிருந்த கொஞ்சநஞ்ச உறவும் அறுந்துபோகிறது.

உண்மையைச் சொல் என்கிறது விதி. விதிக்கு என் அக்காவைத் தெரியாது. அப்பா அப்படிப் படுத்திருந்தார் என்று கேட்டால் அவளுக்கு அப்புறம் தூக்கமே வராது.

முடிவை நீங்களே எழுதிக்கொள்ளுங்கள். நான் செய்தது சரியா தவறா என்று மட்டும் எழுத வேண்டாம்; அதெல்லாம் கட்டுக் கட்டாக என்னிடம் இருக்கிறது. சொன்னால் அவள் என்னோடு பேசுவாளா? அதைச் சொல்லுங்கள், போதும்.