டூசானில் கரண்டி பிடிக்க மாட்டேன்

எங்கள் கல்யாணத்தின் வெள்ளி விழாவுக்கு நகை வேண்டாம், பட்டுப்புடவை வேண்டாம், சர்ச் ஹாலில் பிரியாணி விருந்தும் வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். நான் கேட்டது ஒன்றே ஒன்றுதான். நாலு நாள் ஒரு நல்ல ரிசார்ட்டுக்குப் போக வேண்டும். அந்த நாலு நாளும் நான் கரண்டியைத் தொட மாட்டேன். என் வீட்டுக்காரர் ஞானசீலன் உடனே தலையாட்டினார். அவர் அவ்வளவு வேகமாகத் தலையாட்டினால் சொன்னது காதில் ஏறவில்லை என்று அர்த்தம். தெரிந்தும் நம்பினேன் பாருங்கள், என்னைச் சொல்ல வேண்டும்.

டெக்சஸில் நாங்கள் குடியிருக்கும் சுகர் லேண்டிலிருந்து எங்கே கிளம்பினாலும் எலெக்ட்ரிக் குக்கரும் கிளம்பும். யெல்லோஸ்டோன், ஆர்லாண்டோ, நயாகரா எல்லாம் பார்த்தாகிவிட்டது. மற்றவர்கள் பார்த்தார்கள் என்பதுதான் சரி. நான் ஹோட்டல் பாத்ரூமில், புகை அலாரம் அலறாமலிருக்கக் கதவிடுக்கில் ஈரத்துண்டைச் செருகிவிட்டு, ரசம் தாளித்துக்கொண்டிருந்தேன். ஆஸ்பத்திரியில் ஒரு வார்டையே கட்டி மேய்க்கிற நர்ஸ் நான். லீவு விட்டால் மட்டும் பாத்ரூம் சமையல்காரி.

அதனால்தான் டூசானை நானே தேர்ந்தெடுத்தேன். அரிசோனா பாலைவனத்தில் ஸ்பானியர் காலத்து ஊர். ரிசார்ட்டின் படங்களை டியூட்டி இடைவேளைகளில் எத்தனை முறை பார்த்தேன் என்று கணக்கில்லை. மண்சுவர் வீடுகள், முற்றத்தில் நீரூற்று, கையைத் தூக்கிக்கொண்டு நிற்கும் நெடுநெடுவென்ற கள்ளிகள், காலையில் தோட்டத்து மேசைக்கே வரும் சாப்பாடு. அந்தச் சாப்பாட்டுக்காகவே போகலாம் என்று நினைத்தேன்.

போய் இறங்கியதும், சர்ப்ரைஸ் என்று சொல்லி என் கண்ணைப் பொத்தி உள்ளே கூட்டிப்போனார். கையை எடுத்தால் எதிரே நாலு அடுப்பு. பளபளக்கிற சிங்க். ஆளுயர ஃபிரிட்ஜ்.

"உனக்காகத்தான் ரூமை அப்கிரேட் பண்ணினேன் யூனிஸ். ஃபுல் கிச்சன். பாத்ரூம்ல கஷ்டப்பட வேண்டாம் பாரு" என்றார், அப்படி ஒரு பெருமிதத்தோடு.

அதோடு விட்டாரா? மறுநாள் மத்தியானம் ஃபீனிக்ஸிலிருந்து ஆபேல் அண்ணனும் ஸ்வர்ணா அக்காவும் சாப்பிட வருகிறார்களாம். ஆபேல் அண்ணன் இவருக்குக் காலேஜில் சீனியர், சபையில் மூப்பர். யூனிஸ் கைக் கோழிக்குழம்பு என்றதும் மறுபேச்சில்லாமல் ஒத்துக்கொண்டாராம். பெட்டியைத் திறந்து குக்கரை எடுத்தார். கீழே துணியில் சுற்றிய மசாலாப் பொடி.

எனக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது. கெட்ட எண்ணம் ஒன்றுமில்லாமல் ஒரு மனிதரால் இவ்வளவு நோகடிக்க முடியுமா என்று ஆத்திரமாக இருந்தது. கத்தவில்லை. பொடிப் பொட்டலத்தை எடுத்து அவர் கையில் வைத்தேன்.

"கூப்பிட்டது நீங்க. சமைக்கிறதும் நீங்கதான்."

சிரித்தார். ராத்திரிக்குள் இறங்கி வந்துவிடுவேன் என்று நினைத்திருப்பார். காலையில் நான் தொப்பியும் கூலிங்கிளாஸுமாகக் கிளம்பியபோதுதான் அந்தச் சிரிப்பு போனது. வர்றவங்க என்ன நினைப்பாங்க என்று வாசல்வரை பின்னாலேயே வந்தார். நல்லபடியா நினைக்கிற மாதிரி சமைங்க என்று சொல்லிவிட்டு, ரிசார்ட் வேனில் ஏறிவிட்டேன்.

பழைய கோட்டை இருந்த இடத்தில் திரும்பக் கட்டியிருக்கிற மண்சுவரைத் தொட்டுப் பார்த்தேன். நீலமும் மஞ்சளும் பூசிய தெருக்களில் தனியாக நடந்தேன். யாருக்காவது பசிக்கிறதா என்று கேட்க வேண்டியிருக்கவில்லை. அப்புறம் ரிசார்ட்டுக்குத் திரும்பி நீச்சல்குளத்தோரம் சாய்ந்து படுத்தபோது அவரிடமிருந்து போன் வந்தது. இஞ்சி எவ்வளவு என்றார். யூடியூபில் பாருங்கள் என்று வைத்துவிட்டேன். மறுபடி வந்தது. குழம்பு தண்ணியாக இருக்கிறதாம்.

அங்கேதான் மனசு ஆட ஆரம்பித்தது. வெயிலில் அத்தனை தூரம் டிரைவ் பண்ணி வருகிறவர்கள் வாயில் வைக்க முடியாத குழம்பைச் சாப்பிட்டுவிட்டுப் போவதா? ஒரு தேங்காய்ப்பால் விட்டால் சரியாகிவிடும். எழுந்து செருப்பைக்கூட மாட்டிவிட்டேன். இப்போது போனால் அடுத்த வருஷமும் பாத்ரூம்தான், அதற்கடுத்த வருஷமும்தான். செருப்பைக் கழற்றினேன். போனை அணைத்தேன். தண்ணீரில் இறங்கினேன்.

நான் ரூமுக்குத் திரும்பும்போது விருந்தாளிகள் வந்துவிட்டார்கள். லேசாக அடிப்பிடித்த வாசனை. இவர் தோளில் துண்டும் சட்டையெல்லாம் மஞ்சளுமாக அடுப்படியில் நின்றார். ஆபேல் அண்ணன் வரவேற்பறையில் ஏசிக்கு நேராக உட்கார்ந்து டிவி பார்த்துக்கொண்டிருந்தார். அடுப்படிப் பக்கம் திரும்பியிருக்கவே மாட்டார் போல. ஸ்வர்ணா அக்கா கைப்பையை வைத்த கையோடு அடுப்படிக்குப் போகப் பார்த்தார். நான் அவர் கையைப் பிடித்து சாப்பாட்டு மேசையருகே என் பக்கத்தில் உட்கார வைத்தேன்.

"இல்ல யூனிஸ், பரிமாறவாவது..." என்றார்.

"உக்காருங்க அக்கா. நாமளும் லீவுக்குத்தான் வந்திருக்கோம்."

சோறு, குழம்பு, வெள்ளரிக்காய் எல்லாம் மேசைக்கு வந்த பிறகுதான் ஆபேல் அண்ணன் டிவியை விட்டு எழுந்து வந்தார். இவரும் உட்கார்ந்தார். மூப்பர் இருக்கும்போது ஜெபம் அவர்தான் செய்ய வேண்டும். ஆபேல் அண்ணன் கண்ணை மூடினார். பயணத்துக்கும் வெள்ளி விழாவுக்கும் ஸ்தோத்திரம் சொன்னார். வழக்கமான வரிக்கு வந்தார்.

"இந்த ஆகாரத்தை ருசியாய் ஆயத்தம் பண்ணின எங்கள் அன்புச் சகோதரி யூனிஸின் கரங்களை ஆசீர்வதியும் ஆண்டவரே..."

நான் கண்ணைத் திறந்தேன். இவரும் திறந்திருந்தார். வலது கையில் எண்ணெய் தெறித்துச் சிவந்திருந்தது. அந்தக் கையைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். வாயைத் திறக்கப் போகிறாரா, ஜெபத்துக்குப் பின்னால் ஒளிந்துகொள்ளப் போகிறாரா என்று நான் காத்திருந்தேன்.

"அண்ணே, மன்னிச்சிருங்க" என்றார். "சமைச்சது நான்."

ஜெபம் நின்றது. ஆபேல் அண்ணன் ஒன்றும் புரியாமல் விழித்தார். உடம்பு சரியில்லையா யூனிஸ் என்று என்னிடம் கேட்டார்.

"நல்லா இருக்கேன் அண்ணே. கல்யாணமான நாள்லருந்து எல்லாரும் என் கையை ஆசீர்வதிச்சிட்டுத்தான் இருக்கீங்க. ஒரு நாளாவது அது சும்மா இருக்கட்டும்னு யாரும் ஜெபிச்சதில்ல."

இவர் தலையைக் குனிந்துகொண்டார்.

என் பக்கத்தில் ஸ்வர்ணா அக்கா இன்னும் கண்ணைத் திறக்கவில்லை. இரண்டு கையையும் மடியில் வைத்துக்கொண்டு, எல்லாருக்கும் கேட்கும்படி, "ஆமென்" என்றார்.