இயல்பாக நடங்க, மாமா

அறுபது வயதைத் தாண்டிய எட்டுப் பேரின் நடை மருமகளின் ஆராய்ச்சிக்கு வேண்டியிருந்தது. ஏழு பேர் நடந்து முடித்துவிட்டார்கள். எட்டாமவர் காய்ச்சல் என்று காலையில் கையை விரித்துவிட்டார். நான்கு மணிக்கு ஆய்வுக்கூடத்தின் கேமராக்களைக் கழற்றி வேறு துறைக்குக் கொண்டுபோகிறார்கள். அதற்குள் ஒரு நடை கிடைக்காவிட்டால் மூன்று வருட ஆராய்ச்சி இன்னும் ஒரு வருடம் இழுக்கும். வேறு வழியில்லாமல் மாமனாரை அழைத்து வந்தாள்.

அவர் முப்பத்தோரு வருடம் டவுன் பஸ்ஸில் கண்டக்டராக இருந்து ஓய்வு பெற்றவர். அரைக்கால் சட்டையும், இடுப்பிலிருந்து கணுக்கால் வரை ஒட்டிய வெள்ளை உருண்டைகளுமாக அவர் நின்ற கோலத்தைப் பார்த்து மாணவர்கள் நால்வரும் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்கள்.

"என்னம்மா, எனக்குச் சீரியல் லைட் போட்டு வச்சிருக்கே?"

"கேமரா அந்த உருண்டையை மட்டும்தான் பாக்கும் மாமா. நீங்க எப்பவும் போல நடங்க, போதும்."

போதும் என்பது பாதி உண்மை. நடப்பதற்காக விரித்திருந்த நீளப் பாயின் நடுவே, அடியில், ஒரு தகடு இருந்தது. பாதம் தரையை எவ்வளவு விசையோடு அழுத்துகிறது என்று அது சொல்லும். ஒரு பாதம் முழுதாக அதன்மேல் பட வேண்டும். ஆனால் தகடு இருப்பது நடப்பவருக்குத் தெரியக் கூடாது. தெரிந்தால் குறிபார்த்து மிதிப்பார், நடை கெட்டுவிடும்.

மாமனார் நெஞ்சை நிமிர்த்தி, கைகளை உடம்போடு ஒட்டி, மேடையில் பரிசு வாங்கப் போகிறவர் போல நடந்தார். பாதி வழியில், பாயில் மயிரிழை அளவே இருந்த மேட்டைக் கண்டு, சாக்கடையைத் தாண்டுவதுபோல் ஒரே தாண்டு.

"அங்க தரை சரியில்ல. யாராவது தடுக்கி விழப்போறாங்க, சொல்லி வை."

பத்தொன்பது தடவை நடந்தார். பத்தொன்பது வெவ்வேறு ஆட்கள் நடந்ததுபோல் இருந்தது. கணினித் திரையை எட்டிப்பார்த்த மருமகளின் பேராசிரியை, "வீட்லயும் இப்படித்தான் நடப்பாரா?" என்று கேட்டார்.

இல்லை. வீட்டில் அவர் கால்களை அகட்டி, முழங்காலைக் கொஞ்சம் மடக்கி, இடுப்பை அசைத்து நடப்பார். சமையலறைக்குப் போகும்போதுகூட, வீடு எந்த நேரமும் பிரேக் போடலாம் என்பதுபோல் ஒரு கை கதவு நிலையைத் தொட்டுக்கொண்டே போகும்.

மருமகள் அவர் பக்கத்தில் உட்கார்ந்தாள். "வீட்ல நடக்கிற மாதிரி ஏன் மாமா நடக்க மாட்டேங்கறீங்க?"

அவர் குரலைத் தாழ்த்தினார். "அந்த நடைக்கு பஸ்ல எனக்கு என்ன பேரு தெரியுமா? வாத்து. 'வாத்து வண்டி வருதுடா, ஏறு'ம்பாங்க. இதை நீ படம் பிடிச்சு நாலு பேருக்குக் காட்டுவே. உன் மானம் போகக் கூடாதுன்னுதான் இழுத்துப் பிடிச்சு நடக்கறேன்."

"முப்பத்தோரு வருஷத்துல பஸ்ஸுக்குள்ள எத்தனை தடவை விழுந்தீங்க?"

"விழறதா? நானா?" அவருக்குக் கோபமே வந்துவிட்டது.

"அப்போ எனக்கு அந்த நடைதான் வேணும்."

இருபதாவது தடவை மனம் வைத்து வாத்தாகவே நடந்தார். அது வாத்துக்கே அடுக்காது.

மணி மூன்றே முக்கால். மருமகள் மாணவர்களைக் கேமராவை மறைக்காதபடி பாயின் இருபுறமும் தள்ளி நிறுத்தி, ஒரு கையைத் தூக்கிக் கம்பி பிடிப்பதுபோல் நிற்கச் சொன்னாள். பேராசிரியையைக் கடைசியில் நிறுத்தினாள்.

"மாமா, வண்டி கிளம்பிருச்சு. ஒருத்தரும் டிக்கெட் எடுக்கல. அடுத்த ஸ்டாப்புக்குள்ள முடிக்கணும்."

அவர் இடுப்பு தானாகத் தளர்ந்தது. "டிக்கெட், டிக்கெட்! உள்ள போங்க, நடுவுல ஊரே நிக்கலாம்! தம்பி, படியை விட்டு ஏறு!"

முதல் சுற்றில், சரியாகத் தகட்டின்மேல் நின்று ஒரு மாணவனிடம் தகராறு செய்தார், வீண். இரண்டாம் சுற்றில் யாரையும் நம்பாத கண்ணோடு நிற்காமல் வந்தார். வலது பாதம் முழுதாகத் தகட்டில் விழுந்தது. திரையில் கோடு அழகாக ஏறி இறங்கியது. மருமகள் வாயைப் பொத்திக்கொண்டாள்.

அவரோ பாயின் கோடிக்குப் போய்விட்டார். "மேடம், எங்க போகணும்?"

பேராசிரியை தடுமாறினார். "நாலாவது மாடி..."

"இந்த வண்டி அங்க போகாது. இறங்குங்க."

பேராசிரியை இறங்கினார்.

கேமராக்களைக் கழற்ற வந்தவர்கள் வெளியே கதவைத் தட்டினார்கள். மருமகள் எட்டாவது படிவத்தை அவசரமாக நிரப்பினாள். நடை: இயல்பு. கடைசியில் 'சோதனைச் சூழல்' என்ற கட்டம் காலியாக இருந்தது. கொஞ்சம் யோசித்துவிட்டு எழுதினாள்: பேருந்து ஓடிக்கொண்டிருந்தது.