என்னுடையதை மட்டும் காட்டு

இணைய விளையாட்டுக் குழுவில் எல்லாரும் அவளைப் 'பல் டாக்டர்' என்றுதான் கூப்பிடுவார்கள். அவள் டாக்டர் இல்லை. பல் மருத்துவர்கள் அனுப்பும் அச்சுகளை வைத்துச் செயற்கைப் பல் செய்யும் கூடத்தில் வேலை. வாரம் முழுவதும் யாரோ ஒருவர் வாயில் போய் உட்காரப்போகும் பல்லைத் தேய்த்துத் தேய்த்துப் பார்ப்பவள், சனிக்கிழமை மதியமானால் கணினி முன் உட்கார்ந்து மந்திரம் போடுவாள்.

அவளை அந்த விளையாட்டுக்குள் இழுத்துவந்தவர் மாமனார். லிஃப்ட் பழுதுபார்க்கும் வேலையிலிருந்து ஓய்வு பெற்றவர். முழங்கால் ஆபரேஷன் முடிந்து வீட்டில் படுத்திருந்தபோது பொழுது போகாமல் ஆரம்பித்தார். இப்போது அந்த உலகத்தில் அவர் ஆள் உயரக் கேடயம் தாங்கிய வீரர். பூதங்கள் அடிக்கிற அடியெல்லாம் அவர் மேல்தான் விழும்.

"வெளியில மாடிப்படி ஏற ஒரு ஆள் பிடிக்கணும். உள்ள போனா மலையையே தாங்குறேன்" என்று சொல்லிச் சிரிப்பார்.

அடி வாங்குகிறவரை உயிரோடு வைத்திருக்க இரண்டு வைத்தியர்கள் வேண்டும். ஒருத்தி மருமகள், அதாவது நம் பல் டாக்டர். இன்னொருத்தி மகள். மூக்குக்கண்ணாடிக் கடை நடத்துகிறவள். வயது நாற்பதைத் தாண்டியும் வீட்டில் எல்லாருக்கும் அவள் 'குட்டி'தான்.

அண்ணியும் நாத்தனாருமாக இருந்த இருவருக்குள் ஒரு விரிசல் விழுந்திருந்தது. ஆபரேஷன் சமயத்தில் குட்டி கடை திறப்பதற்கு முன் காலையில் அப்பா வீட்டுக்கு வந்து போவாள். இவள் வேலை முடிந்து மாலையில் போவாள். ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டதே இல்லை. அவர் எழுந்து நடந்த பிறகு எல்லாரும் கூடிச் சாப்பிட்ட ஒரு நாளில் குட்டி சொன்னாள்: "அப்பாவ நான் ஒருத்தியாத்தான் பார்த்துக்கிட்டேன்."

இவள் தட்டைக் கீழே வைத்தாள். "அப்ப நான் யாரப் பார்த்துக்கிட்டிருந்தேன்?"

அதற்கு மேல் என்னென்ன பேசினார்கள் என்பது இங்கே வேண்டாம். இருவரும் ஒருவர் வீட்டுக்கு ஒருவர் போவது நின்றது. போனும் நின்றது. மிச்சம் இருந்தது சனிக்கிழமை மதியம்தான். "அப்பாவுக்கு உயிர் குறையுது." "இதோ போடறேன்." இந்த அளவுக்காவது ஹெட்போனில் ஒருவர் குரலை ஒருவர் கேட்டுக்கொண்டிருந்தார்கள். இதுவும் அறுந்தால் வேறு இழை இல்லை என்று அவளுக்குத் தெரியும். அதனால் காய்ச்சல் அடித்தாலும் சனிக்கிழமையைத் தவறவிட மாட்டாள்.

அந்த இழைக்குத்தான் இப்போது ஆபத்து வந்தது. பல வாரமாகக் கல்பூதம் ஒன்றிடம் தோற்றுக்கொண்டே இருந்தார்கள். குழுத் தலைவர் நிஜ வாழ்க்கையில் பேருந்து ஓட்டுகிறவர். எல்லாருக்கும் அவர் 'டிரைவர்'. அன்று தோற்றதும் அவர் பொறுமை இழந்துவிட்டார்.

"வண்டியில பத்து சீட்டுதான். ரெண்டு வைத்தியர் உக்காந்தும் பெரியவர் செத்துக்கிட்டே இருந்தா எப்படி? அடுத்த சனிக்கிழமை கணக்குப் பார்ப்போம். யார் கம்மியா குணப்படுத்துறாங்களோ அவங்க இறங்கிக்கணும். கோவிச்சுக்காதீங்க."

"டிக்கெட் எடுத்தவங்களையா இறக்கி விடுறீங்க?" என்றார் மாமனார். யாரும் சிரிக்கவில்லை.

வைத்தியர்கள் இருவரும் போட்டது ஒரே மந்திரம். அதற்குத் தளிர் மந்திரம் என்று பெயர். ஒருவர் மேல் போட்டால் பன்னிரண்டு விநாடி அவர் காயம் கொஞ்சம் கொஞ்சமாக ஆறும். அந்த நேரம் முழுவதும் ஓடி முடிந்தால், கடைசியில் அது ஒரு பூவாக விரிந்து பெரிய அளவில் உயிர் கொடுக்கும். நடுவில் அணைந்துபோனால் பூ இல்லை. நேரத்தை மனதில் எண்ணிக்கொண்டிருக்க முடியாது. அதற்காக எல்லாரும் ஒரு ஆட்-ஆன் வைத்திருந்தார்கள். யாரோ ஒரு புண்ணியவான் சம்பளம் வாங்காமல் எழுதி வைத்த சின்ன இணைப்பு நிரல் அது. மந்திரம் போட்டதும் ஆள் பெயருக்குப் பக்கத்தில் பச்சைப் பட்டை தோன்றும். நேரம் ஓட ஓடப் பட்டை சுருங்கும்.

அவளுடைய பட்டை சுருங்கி முடிவதே இல்லை. பாதியில் பட்டென்று மறைந்துவிடும். மறைந்ததும் பதறி மறுபடி போடுவாள். அதுவும் மறையும். விரல் வலிக்க வலிக்கப் போடுவாள். மாமனார் விழுந்துவிடுவார்.

"நான் இறங்க மாட்டேன். இது ஏன் இப்படி ஆகுதுன்னு கண்டுபிடிக்காம விடமாட்டேன்" என்றாள் கணவனிடம்.

அவன் துணியை மடித்துக்கொண்டே சொன்னான்: "கம்ப்யூட்டர் பழசு. என்ன மாதிரி."

வேலை முடிந்து வந்த ஒவ்வொரு மாலையும் அதே வேலையாக உட்கார்ந்தாள். ஆட்-ஆனை அழித்துவிட்டுப் புதிதாக ஏற்றினாள். பயிற்சிக் களத்தில் மரப்பொம்மை மேல் மந்திரம் போட்டுப் பார்த்தாள். அங்கே பட்டை அழகாக ஓடி முடிந்தது, பூவும் பூத்தது. குழுவோடு போனால்தான் கெடுகிறது.

அது அவளுக்குப் பழக்கமான தொல்லைதான். அச்சின் மேல் கச்சிதமாக உட்காரும் பல், வாய்க்குள் போனதும் இடிக்கும். பல்லில் குறை இருக்காது. எதிரே இருக்கும் பல்லைப் பார்க்காமல் செய்ததுதான் குறையாக இருக்கும். ஏதோ ஒன்று இடிக்கிறது என்று புரிந்தது, எது என்று புரியவில்லை. வெட்கத்தை விட்டு ஆட்-ஆனை எழுதியவருக்கே எழுதிக் கேட்டாள். முகம் தெரியாத மனிதர். அவருக்கு ஆயிரம் வேலை இருக்கும். ஆனாலும் மறுநாளே பதில் வந்திருந்தது.

"பட்டை சரியாகத்தான் காட்டுகிறது. உங்கள் மந்திரம் உண்மையிலேயே பாதியில் போய்விடுகிறது. ஒருவர் மேல் ஒரு தளிர்தான் நிற்கும். இரண்டாவது ஆள் போட்டால் முதல் ஆளுடையது அழிந்துவிடும். அமைப்புகளில் 'என்னுடையதை மட்டும் காட்டு' என்று ஒரு கட்டத்தில் டிக் இருக்கும். அதை எடுத்துவிட்டுப் பாருங்கள். திரை நெரிசலாக இருக்குமே என்று நான்தான் அப்படி வைத்தேன். உங்களுக்குத் தொந்தரவு ஆனதற்கு மன்னிக்கவும்."

மன்னிப்புக் கேட்க அவருக்கு ஒரு கடமையும் இல்லை. அவள் அந்த வரியை இரண்டு தடவை படித்தாள்.

வியாழக்கிழமை மாலை டிரைவர் ஒரு சின்ன ஒத்திகைக்குக் கூப்பிட்டார். அவள் டிக்கை எடுத்துவிட்டு உள்ளே போனாள். மாமனாரின் பெயருக்குப் பக்கத்தில், அவள் இதுவரை பார்த்தே இராத நீலப் பட்டை ஒன்று ஓடிக்கொண்டிருந்தது. குட்டியுடையது. பழக்கத்தில் விரல் போய் விசையைத் தட்டியது. நீலம் அணைந்தது, பச்சை எழுந்தது. மறு நொடி பச்சை அணைந்து நீலம் எழுந்தது.

அவள் விசையிலிருந்து கையை எடுத்துக்கொண்டாள்.

குட்டி சும்மா இருக்கிறாள், அதனால்தான் நாம் இப்படி ஓட வேண்டியிருக்கிறது என்று இத்தனை நாளும் நினைத்திருந்தாள். அங்கே குட்டி அப்பாவை ஒரு கணமும் வெறுமனே விடவில்லை. இருவரும் எவ்வளவு பாடுபட்டார்களோ அவ்வளவுக்கு ஒருவர் பூவை ஒருவர் கிள்ளி எறிந்துகொண்டிருந்தார்கள்.

"அவகிட்ட சொல்லிட வேண்டியதுதானே?" என்றான் கணவன்.

"என்னன்னு சொல்ல? 'நாம ரெண்டு பேரும் கெடுக்கிறோம்'னு நான் சொன்னா, 'நீ கெடுக்கிறே'ன்னுதான் அவ காதுல விழும். இப்ப இருக்கிற நெலமை அப்படி."

"அப்புறம்?"

"மாமா மேல நான் போட மாட்டேன். அவ பூ பூக்கட்டும்."

"கணக்குல நீதான் அடியில வருவே. இறக்கி விட்டுருவாங்க."

அவன் மடித்த துணிகளை எடுத்து அலமாரியில் வைத்தாள். "யாராவது இறங்கித்தான் ஆகணும்னா குட்டி இறங்கக் கூடாது. அது அவ அப்பா."

சனிக்கிழமை உட்காருவதற்கு முன் கண்ணை மூடி, "கடவுளே, என் கை சும்மா இருக்கத் துணை செய்" என்று வேண்டிக்கொண்டாள். எத்தனையோ விதமான வேண்டுதல்கள் அவரிடம் போகின்றன. இப்படி ஒன்று அபூர்வமாகத்தான் போயிருக்கும்.

"ஏறுங்க, ஏறுங்க. வண்டி கெளம்புது" என்றார் டிரைவர்.

கல்பூதம் எழுந்து அடித்தது. மாமனார் மேல் நீலப் பட்டை ஏறியது. அவள் மற்ற எட்டுப் பேரையும் கவனித்தாள். டிரைவருக்கு ஒரு தளிர், பின்னால் நின்ற வில்லாளிக்கு ஒன்று. மாமனாரின் உயிர் இறங்கும்போதெல்லாம் விரல் துடித்தது. பல்லைக் கடித்துக்கொண்டு காத்தாள். நீலம் சுருங்கி, சுருங்கி, முடிந்தது. திரையில் ஒரு வெள்ளைப் பூ விரிந்தது. மாமனாரின் உயிர் கிடுகிடுவென்று ஏறியது.

"ஆ!" என்று குட்டியின் குரல் மட்டும் ஹெட்போனில் கேட்டது.

நடுவில் பாறைகள் விழத் தொடங்கின. குட்டி ஓடி ஒதுங்க வேண்டியிருந்தது. ஓடும்போது மந்திரம் போட முடியாது. நீலம் தீர்ந்து அந்த இடம் காலியானது. அப்போதுதான் அவள் தன் பச்சையை அங்கே வைத்தாள். குட்டி திரும்பி வந்ததும் தன்னுடையதைப் போட்டாள். பச்சை பாதியில் அணைந்தது. அணையட்டும் என்று இவள் விட்டுவிட்டாள்.

கல்பூதம் சரிந்து விழுந்தது.

எல்லாரும் கத்தினார்கள். "அட, நான் சாகலையா?" என்றார் மாமனார்.

டிரைவர் தொண்டையைச் செருமினார். "சந்தோஷம்தான். ஆனா சொன்ன சொல்லு ஒண்ணு இருக்கு. குட்டிதான் மேல. பல் டாக்டர் கீழ, ரொம்பக் கீழ. அதனால..."

"சரிங்க" என்றாள் அவள்.

"நில்லுங்க டிரைவர்." குட்டி. "என் பூ எல்லாம் இன்னிக்குப் பூத்துச்சு. இதுக்கு முன்னாடி ஒண்ணுகூட முழுசாப் பூத்ததில்ல. அண்ணி, நீங்க என்ன பண்ணினீங்க?"

'அண்ணி' என்ற சொல்லைக் கேட்டு எவ்வளவு நாளாகிவிட்டது!

"ஒண்ணும் பண்ணல குட்டி. ஆட்-ஆன்ல ஒரு கட்டம் இருக்கு. 'என்னுடையதை மட்டும் காட்டு'ன்னு. அதுல டிக்கை எடுத்துட்டேன்."

மவுஸ் சொடுக்கும் ஓசை கேட்டது. அவள் மாமனார் மேல் ஒரு தளிர் போட்டுக் காட்டினாள். தன்னுடையது பச்சை, அடுத்தவருடையது நீலம் என்பதால் குட்டியின் திரையில் அது நீலமாக ஓடியிருக்க வேண்டும்.

"இது எப்பவுமே இருந்துச்சா?" என்றாள் குட்டி.

"இருந்துச்சு. உன்னுதும் இருந்துச்சு. எனக்கும் வியாழக்கிழமைதான் தெரிஞ்சது."

டிரைவர் ஏதோ சொல்ல வாயெடுத்தார். மாமனார் "உஷ்" என்றார்.

"அண்ணி, அப்பாவுக்கு முட்டியில ஒத்தடம் குடுத்தது நீங்களா? காலையில வரும்போது அந்த ரப்பர் பை கழுவிக் கவுத்து வெச்சிருக்கும். அப்பாவே பண்ணிக்கிறாருன்னு நெனச்சேன்."

"நான்தான். அந்த மாத்திரை டப்பா? சாயங்காலம் வந்தா பிரிச்சுப் பிரிச்சு நிரப்பியிருக்கும். நர்ஸ் வந்துட்டுப் போறாங்கன்னு இருந்தேன்."

"நர்ஸ் எங்க வந்தாங்க? நான்தான் வந்தேன்."

"நீங்க பேசிக்கிட்டிருங்க. நான் போய் அந்தப் பூதத்துக்கிட்டயே நிக்கிறேன்" என்றார் மாமனார்.

"வண்டியில யாரும் இறங்க வேண்டாம். எனக்குத் திட்டுறதுக்கு ரெண்டு வைத்தியர் வேணும்" என்றார் டிரைவர்.

ஒவ்வொருவராக விடைபெற்றுக்கொண்டு போனார்கள். திரையில் மாமனார் பெயருக்குப் பக்கத்தில் குட்டி புதிதாகப் போட்ட நீலப் பட்டை ஓடிக்கொண்டிருந்தது.

"நாளைக்குக் கடை லீவு. அப்பா வீட்டுக்கு வர்றேன்" என்றாள் குட்டி. "நீங்க எப்ப வருவீங்க? சாயங்காலமா?"

"நீ எப்ப வர்ற? காலையிலயா?"

"ம்."

"அப்ப நானும் காலையில வர்றேன்."